கேத வீட்டுச் செபம்: செட்டிநாட்டுப் பங்கு ஒன்றின் இளையோர் குழு குறித்த நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவில் சமூகத்தின்) இளையோர் குழு 2022ஆம் ஆண்டுத் தவக்காலத்திலிருந்து 2024 கோடைக்காலம் வரை கடந்து வந்த வழியை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஒரு தியானத்தில் பொங்கியெழுந்த பக்தி சில மாதங்களிலேயே ஏன் வற்றியது என்பதும், வற்றிப்போன அதே குழு துக்க வீடுகளில் செபம் நடத்தும் பொறுப்பை ஏற்றபின் எதனால் நிலைகொண்டது என்பதுமே இதன் கேள்விகள். பங்கின் பெயரும் இளையோரின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. சிறிய ஊர்களில் ஒருவருடைய படிப்பையும் தெருவையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் சில அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன. எழுதுபவர் அப்பங்கின் பேரவையில், அதாவது பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவில், இருந்தவர். குழுவின் கூட்டங்களில் அமர்ந்திருந்தவர். ஆகவே முற்றிலும் வெளியில் நின்று பார்த்தவரின் குறிப்பாக இதைக் கொள்ள இயலாது.

களம்

மதுரை உயர் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்குகிறது. செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர் மனத்தில் தோன்றுவன நகரத்தாரின் வளவுகளும், ஒன்பது நகரக் கோவில்களும், ஆத்தங்குடித் தரைக்கற்களும்தான். இப்பங்கின் கிறிஸ்தவக் குடும்பங்களோ அந்த வீடுகளைக் கட்டவும், பூசவும், மரம் இழைக்கவும், பின்னர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கவும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன செட்டியார்களின் காலம் முடிந்துவிட்டாலும், கடல் கடந்து போகும் வழக்கம் இம்மண்ணைவிட்டு நீங்கவில்லை. இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். போகாதவர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். ஊரில் தங்குபவர்கள் முதியவர்களும், படிப்பு முடியாதவர்களும், வேலை கிடைக்காதவர்களும்தான். இளையோர் குழு என்று நாம் சொல்வது இந்தக் கடைசி இரண்டு வகையினரை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அதில் கால்வாசிப் பேர் ஊர் மாறுவார்கள். இதைக் கணக்கில் கொள்ளாமல் இளையோர் பணிக்குத் திட்டம் தீட்டுவது காகிதத்தோடு நின்றுவிடும்.

பங்கு பல அன்பியங்களாக, அதாவது கூடிச் செபிக்கும் சிறு குடும்பக் குழுக்களாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. அன்பியங்கள் தெருவாரியாக அமைந்தவை. தெருக்கள் எவ்வாறு அமைந்தவை என்பது தமிழ் வாசகர் எவருக்கும் விளக்கத் தேவையில்லாதது. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பந்தியில் நற்கருணை உட்கொண்டாலும், வார நாள்களின் செபக் கூட்டங்கள் அவரவர் தெருவுக்குள் முடிந்துவிடுகின்றன. அனைத்து அன்பியங்களின் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் ஒரே அமைப்பு இளையோர் குழுதான். அதனால்தான் அதன் ஏற்ற இறக்கம் பங்கு முழுவதையும் தொடுகிறது.

தியானமும் அதற்குப் பிந்தைய மாதங்களும்

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் வழிபாட்டுத் தலங்கள் 2020இலும் 2021இலும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. திறக்கப்பட்ட பின்னும் 2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் மக்கள் வருவதற்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமையே கோவிலுக்குப் போக முடியாத கிறிஸ்தவ வாழ்வு எப்படியிருக்கும் என்பதை ஒரு தலைமுறை கைப்பேசித் திரையில் திருப்பலி பார்த்துக் கற்றுக்கொண்டது. பல இளைஞர்கள் திரையைக்கூடப் பார்க்கவில்லை என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த வெறுமைக்குப் பிறகு வந்த 2022 தவக்காலத்தில், வெளியூர்க் குழு ஒன்றை அழைத்துப் பங்கில் மூன்று நாள் இளையோர் தியானம் நடத்தப்பட்டது.

அது அருங்கொடை இயக்கத்தின் பாணியில் அமைந்த தியானம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள டூக்கேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 1967 பிப்ரவரியில் ஒரு வார இறுதித் தியானத்தில் அடைந்த அனுபவத்திலிருந்து கத்தோலிக்கத் திருஅவைக்குள் அவ்வியக்கம் பரவியது. தொடக்கத்திலேயே அது இளையோரின் அனுபவமாக இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கைகளை உயர்த்திப் பாடுவது, உரத்த புகழ்ச்சி, ஒருவர்மேல் ஒருவர் கைவைத்துச் செபிப்பது, சாட்சியம் சொல்வது, இரவு நற்கருணை ஆராதனை ஆகியவை இப்பங்கின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் புதியவை. இரண்டாம் இரவு ஆராதனையில் பலர் அழுதார்கள். வருடக்கணக்கில் ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனத்தை) நாடாதவர்கள் வரிசையில் நின்றார்கள். தந்தையோடு பேச்சை நிறுத்தியிருந்த ஓர் இளைஞர் அன்றிரவே வீட்டுக்குப் போய்ப் பேசினார். இவற்றை வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று ஒதுக்குவோர் பங்கிலேயே இருந்தார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தந்தையும் மகனும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

சிக்கல் தியானத்தில் தொடங்கவில்லை. அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மறுபடி நிகழ்த்திக்காட்ட வேண்டும் என்ற முயற்சியில் தொடங்கியது. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் குழு வாரந்தோறும் மாலைச் செபக் கூட்டம் நடத்தியது. கீபோர்டும் டிரம் பேடும் வந்தன. பாட்டுகள் கூடின, ஒலியும் கூடியது. முதல் சில வாரங்களில் மண்டபம் நிறைந்தது. ஆனால் கூட்டத்தின் உள்ளே ஒரு வரிசைமுறை உருவாகிக்கொண்டிருந்ததை யாரும் திட்டமிடவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அழுதவர்கள், சாட்சியம் சொல்லத் தெரிந்தவர்கள், பரவசப் பேச்சு (தூய ஆவியின் தூண்டுதலால் அறியாத மொழியில் பேசுவது) வந்ததாகச் சொன்னவர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். எதுவும் நேராதவர்கள் சுவரோரம் நகர்ந்தார்கள். செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, தனக்கு மட்டும் ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்ற அச்சத்தில் பல வாரங்கள் கண்களை மூடிக்கொண்டு மற்றவர்களைப்போலக் கைகளை உயர்த்தி நின்றதாகவும், வீட்டுக்குத் திரும்பும்போது தன்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டதாகவும் பின்னர் சொன்னார். கம்பி கட்டும் வேலைக்குப் போகும் கண்மாய்க்கரைத் தெரு இளைஞர் ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். வேலைக் களைப்பு என்று காரணம் சொன்னார். உண்மையில் ஒரு கூட்டத்தில் அவரைச் சாட்சியம் சொல்ல அழைத்தபோது, சொல்வதற்கு எதுவும் இல்லாமல் நின்ற வெட்கத்தை அவரால் மறக்க முடியவில்லை.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் இதே சிக்கலைத்தான் கையாளுகிறார்: கூடிவரும்போது பாடுவதோ, கற்பிப்பதோ, பரவசமாய்ப் பேசுவதோ எதுவாயினும் அது திருச்சபையின் வளர்ச்சிக்கே பயன்பட வேண்டும் என்பது அவர் வைக்கும் அளவுகோல். இப்பங்கில் அளவுகோல் மாறிப்போயிருந்தது. எவ்வளவு உணர்ந்தாய் என்பதே நம்பிக்கையின் அளவாகிவிட்டது. உணர்வு வராத வாரத்தில் நம்பிக்கையே போய்விட்டதாக எண்ணியவர்கள் மௌனமாக விலகினார்கள். ஜூன் மாதம் கல்லூரிகள் திறந்ததும் விலகுவதற்கு ஒரு மரியாதையான காரணமும் கிடைத்தது. ஆகஸ்டில் விண்ணேற்பு விழா முடிந்தபோது, வெள்ளிக் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட ஒலிபெருக்கிப் பெட்டிகளே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தன.

பாட்டுத் தகராறு

இதே காலத்தில் ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் பாடுவது யார் என்ற தகராறும் நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெடுங்காலமாக ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தி வந்தார். இளையோர் கீபோர்டோடு வந்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கியவர் கோவிலின் பின்வரிசையில் அமர்ந்து வாய் திறக்காமல் இருந்தார். வாரம் ஒரு புதுப் பாட்டு, அதுவும் எட்டாத சுருதியில், என்பது பெரியவர்களின் குறை. நூறு வருடத்துக்கு முன்னால் இருந்ததையே பாடிக்கொண்டிருந்தால் யார் வருவார்கள் என்பது இளையோரின் மறுமொழி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தை இரு தரப்பும் எடுத்துக்காட்டின. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்பட்டும் பங்கேற்க வேண்டும் என்ற அதன் 14ஆம் பத்தியை இளையோர் தங்களுக்கு ஆதரவாகவும், மக்கள் பாட முடியாத பாட்டு எப்படிப் பங்கேற்பாகும் என்று பெரியவர்கள் தங்களுக்கு ஆதரவாகவும் படித்தார்கள். உரிய நேரத்தில் தூய மௌனமும் காக்கப்பட வேண்டும் என்று அதே ஏடு 30ஆம் பத்தியில் சொல்வதை எவரும் எடுத்துக்காட்டவில்லை. பேரவைக் கூட்டத்தில் இது இரண்டு முறை பேசப்பட்டு, இரண்டு முறையும் தீராமல் தள்ளிவைக்கப்பட்டது. அது தீர்ந்த விதம் வேறு.

ஒரு சாவும் இரண்டு இரவுகளும்

அந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் பிந்தைய நாள்களில், பங்கில் ஒரு மூதாட்டி இறந்தார். மகன் சிங்கப்பூரில் இருந்தார். திருச்சி விமானநிலையத்தில் இறங்கி அவர் ஊர் வந்து சேரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. இது இன்று செட்டிநாட்டில் வழக்கமான நிலைமை. முன்பு காலையில் இறந்தால் மாலையில் அடக்கம் என்றிருந்தது. இப்போது விமானச் சீட்டு கிடைக்கும் நேரத்தைப் பொறுத்து ஓர் இரவோ இரண்டு இரவோ காத்திருப்பு நீள்கிறது. காத்திருக்கும் வீட்டிலோ பெரும்பாலும் முதியவர்களே இருக்கிறார்கள். குருவுக்குத் துணையாக மறைக்கல்வியும் செபமும் நடத்தும் பங்கின் உபதேசியார் ஓய்வுபெற்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. பங்குத்தந்தை துணைக் கிராமங்களின் திருப்பலிகளுக்குப் போயிருந்தார். கன்னியர் இல்லத்துச் சகோதரி ஒருவர் கிடைத்த இளைஞர்களைக் கூப்பிட்டு, போய்ச் செபமாலை சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

போனவர்கள் மிகச் சிலரே. அவர்களில் அந்தச் செவிலியர் மாணவியும், கூட்டங்களுக்கு வராமல் நின்றுபோயிருந்த கம்பி கட்டும் இளைஞரும் இருந்தார்கள். இறந்தவர் அவருக்கு உறவுமுறையில் அப்பத்தா என்பதால் அவர் எப்படியும் வந்திருப்பார். கீபோர்டு இல்லை, மைக் இல்லை, திரையில் பாட்டு வரிகள் இல்லை. குளிர்பெட்டியின் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. போனதும் பாட்டை ஆரம்பித்தவர்களை, சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு முதியவள் கையமர்த்தினார். "தம்பி, கொஞ்சம் பொறுங்கய்யா. அவுக அழுது முடிக்கட்டும். பெறகு செபத்த ஆரம்பிங்க." இறந்தவரின் தங்கை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். அவர் தானாக ஓயும்வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். வழிபாட்டில் தங்கள் முறை வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும் என்று யாரும் அதுவரை அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை.

பிறகு செபமாலையை முன்னின்று சொன்னவர் கம்பி கட்டும் இளைஞர். சாட்சியம் சொல்லத் தெரியாமல் நின்ற அதே ஆள், அப்பத்தாவிடம் சிறுவயதில் கற்ற துயர மறையுண்மைகளை (செபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் பகுதியை) தடங்கலில்லாமல் சொன்னார். ஒளியின் மறையுண்மைகள் 2002இல்தான் சேர்க்கப்பட்டவை என்பதால், அங்கிருந்த பாட்டிகளுக்குப் பழைய பதினைந்து மட்டுமே மனப்பாடம், அவருக்கும் அவ்வளவே. படித்த பிள்ளைகள் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. செவிலியர் மாணவி பாடவில்லை. இறந்தவரின் தங்கைக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதைக் கவனித்து, மாத்திரை கொடுத்து, அருகில் அமர்ந்து, அவர் கையைப் பிடித்தபடியே பதில் செபத்தைச் சொன்னார். அன்றிரவும் தனக்கு எதுவும் பொங்கி வரவில்லை என்றும், ஆனால் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை என்றும் அவர் சொன்னது இந்த ஆய்வின் மையத் தரவு என்று கருதுகிறேன்.

இரண்டாம் இரவு, பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குழுவுக்குத் தெரிந்த புதுப் பாட்டுகளை அந்த வீட்டில் எவரும் சேர்ந்து பாட முடியாது. முதியவர்களுக்குத் தெரிந்த பழைய துக்கப் பாட்டுகள் குழுவுக்குத் தெரியாது. விடிந்ததும் இருவர் ஆர்மோனிய வாத்தியாரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஒரு வார்த்தையும் குத்திக்காட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பாட்டுகளைக் கற்றுக்கொடுத்துவிட்டு, மூன்றாவதைப் பாடத் தானே கிளம்பி வந்துவிட்டார். பேரவையில் தீராத தகராறு இதன்பின் அஜெண்டாவிலேயே வரவில்லை. சில வாரங்களில் இரண்டாம் திருப்பலியில் ஆர்மோனியமும் கீபோர்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பதிலுரைப் பாடலை அவரும் வருகைப் பாடலை இளையோரும் என்று தாங்களாகவே பகிர்ந்துகொண்டார்கள்.

வழக்கமான போது

அடக்கத்துக்கு முந்திய விழிப்புச் செபத்தைக் குரு இல்லாதபோது பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத மக்கள்) நடத்தலாம் என்பதற்கு 1969இல் வெளியான அடக்கச் சடங்கு முறை இடம் தருகிறது. பங்குத்தந்தை இதை எடுத்துச் சொல்லி, குழுவுக்கு முறையான பயிற்சி அளிக்கச் சகோதரியைக் கேட்டுக்கொண்டார். இறைவாக்கை எந்த வேகத்தில் வாசிப்பது, மன்றாட்டுகளை இறந்தவரின் வாழ்க்கைக்கு ஏற்ப எப்படி அமைப்பது, பிற சமயத்து அண்டை வீட்டார் நிறைந்திருக்கும் இடத்தில் எதை நீட்டாமல் விடுவது ஆகியவை பயிற்சியில் இருந்தன. பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட விவிலியப் பகுதி தோபித்து நூலின் முதல் அதிகாரம். அரசனின் சினத்துக்கும் அஞ்சாமல் தம் இனத்தாரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்த தோபித்தை இப்பிள்ளைகளில் பலர் அன்றுதான் முதன்முதலாக அறிந்தார்கள். இறந்தோரை அடக்கம் செய்வது உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று என்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தவர்களே அவர்கள். ஆனால் மனப்பாடத்துக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு ஆளும் ஒரு வீடும் தேவைப்பட்டன.

உண்மையான சோதனை வேறிடத்தில் வந்தது. கண்மாய்க்கரைத் தெருவில் ஒரு சாவு நேர்ந்தபோது, மற்றத் தெருக்களின் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகள் அங்கு இரவு தங்குவதை விரும்பவில்லை. காரணமாகச் சொன்னது பாதுகாப்பு, தேர்வு, பனி. சொல்லாத காரணம் அந்த வீட்டில் தேநீர் குடிக்க வேண்டியிருக்கும் என்பது. குழுவில் பாதிப் பேரே போனார்கள். போனவர்கள் தேநீர் குடித்தார்கள். வீடு திரும்பியபின் இரு குடும்பங்களில் சண்டை நடந்தது. அடுத்த மாதம் மேலத் தெருவில் ஒரு சாவு. கண்மாய்க்கரைத் தெரு இளைஞர் அங்கு செபமாலையை முன்னின்று சொல்வாரா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னார். துக்க வீட்டில் செபத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு எவருக்கும் வராது என்பதைக் குழு நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். இதனால் தெருக்களுக்கு இடையிலான சுவர் விழுந்துவிட்டதாக எழுத எனக்குத் துணிவில்லை. திருமணப் பேச்சு என்று வந்தால் அது அப்படியே நிற்கும். ஆனால் அன்பியங்கள் பல ஆண்டுகளாகச் செய்யாத ஒன்றைப் பிள்ளைகள் ஓர் இரவில் செய்தார்கள்.

2023 தவக்காலத்தில் குழு மீண்டும் ஒரு தியானத்துக்கு வெளிக் குழுவை அழைக்கவில்லை. திருவாடானை வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஓரியூருக்கு இரவில் நடந்தார்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்து, மறவர் நாட்டில் பண்டாரசாமி என்னும் துறவியரின் உடையில் நற்செய்தி அறிவித்த சேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்ட இடம் ஓரியூர். திருமுழுக்குப் பெற்ற மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் தம் மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டு மன்னர் சேதுபதியின் உறவினர் என்பதும் அந்தக் கொலைக்கு வழிவகுத்தன. செம்மண்ணைக் கையில் அள்ளுவதற்காக மக்கள் அங்கு போவது வழக்கம். நடைப்பயணத்தின் விதி ஒன்றுதான்: முதல் பாதி பேசக் கூடாது, பாடக் கூடாது. ஓராண்டுக்கு முன் ஒலிபெருக்கி இல்லாமல் செபிக்க முடியாது என்றிருந்த குழு இந்த விதியைத் தானே வகுத்தது. அந்த ஆகஸ்டு 1 முதல் 6 வரை லிஸ்பனில் நடந்த உலக இளையோர் தினத்தின் பாதுகாவலர் பட்டியலில் அருளானந்தரின் பெயரைப் பார்த்தபோது, தாங்கள் நடந்த மண்ணின் பெயர் அவர் பிறந்த ஊரில் உச்சரிக்கப்படுவதைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தார்கள்.

மதிப்பீடு

அருளானந்தர் சார்ந்த சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், ஆன்ம வாழ்வில் ஆறுதலும் வறட்சியும் மாறி மாறி வரும் என்றும், வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த முடிவுகளை மாற்றக் கூடாது என்றும் விதி வகுத்தவர். இதை யாராவது 2022 கோடையிலேயே இப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் பலர் விலகியிருக்க மாட்டார்கள் என்று பேரவையில் ஒருவர் கருதினார். ஓரளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளோடு வாழ்ந்ததை 2007இல் வெளியான அவருடைய கடிதங்களிலிருந்து சகோதரி எடுத்துச் சொன்னபோது, சுவரோரம் நகர்ந்திருந்தவர்களின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். ஆயினும் விளக்கம் மட்டுமே அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உணர்வு வராதவருக்கும் வேலை இருக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. தியான மண்டபத்தில் அழாதவர் பார்வையாளர். கேத வீட்டில் அழாதவர்தான் விளக்கேற்றவும், வாசிக்கவும், வந்தவருக்குப் பாய் விரிக்கவும் வேண்டியவர். உள்ளே என்ன நிகழ்கிறது என்று தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கவனம், முன்னால் கிடக்கும் ஒரு மனிதரின் பக்கமாகத் திரும்பியது.

திருப்பலியிலும் இதன் தாக்கம் தெரிந்தது. கேத வீட்டில் வாசித்துப் பழகியவர்கள் வாசக மேடையில் அவசரப்படவில்லை. நற்கருணைக்குப் பிந்திய மௌனம் பாட்டால் நிரப்பப்படாமல் நின்றது. மே மாத வணக்கமும் அக்டோபர் செபமாலையும் இளையோர் வரும் வழிபாடுகளாக மாறின. பாட்டிகள் ஒளியின் மறையுண்மைகளைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பது எதிர்பாராத பலன்.

ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதினால் மூன்று செய்திகள் விடுபடும். முதலாவது, கீபோர்டு வாசித்த இளைஞர் 2023இல் ஊரில் உள்ள ஒரு சுயாதீன செப ஐக்கியத்துக்குப் போகத் தொடங்கினார். தியானத்தில் தான் கண்டது இங்கே அணைந்துவிட்டதாகவும் அங்கே எரிவதாகவும் அவர் சொல்கிறார். அவர் அனுபவத்தைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேத வீடுகளுக்கு மட்டும் அவர் இன்றும் வருகிறார், பழைய பாட்டுகளைப் பாடுகிறார். இரண்டாவது, அடுத்தடுத்து மூன்று சாவுகள் நேர்ந்த ஒரு மாதத்தில், பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு இரவில் தூக்கம் போயிற்று. அதன்பின் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இரவு விழிப்பில் அமரக் கூடாது என்றும், ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் குழுவாக அமர்ந்து பேச வேண்டும் என்றும் சகோதரி வகுத்த ஒழுங்கு நடைமுறையில் இருக்கிறது. மூன்றாவது, பெண்களின் நிலை. செபத்தைத் திறம்பட நடத்துபவர்களில் பலர் பெண்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர்களை வீட்டிலிருந்து அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். எனவே நீண்ட விழிப்பு பையன்களின் கையிலும், மாலைச் செபம் பெண்களின் கையிலும் பிரிந்துவிட்டது. பங்கின் வேனைத் துக்க நாள்களில் இரவு நேரத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற கோரிக்கை பேரவையிடம் இருக்கிறது. எரிபொருள் செலவை யார் ஏற்பது என்பதில் அது நின்றுகொண்டிருக்கிறது. துக்க வீட்டார் கொடுக்கும் உறையை வாங்குவதில்லை என்பது குழுவின் முடிவு. அதை மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை.

2024 மே மாதத்தில் பங்குத்தந்தை மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் இளையோரிடம் ஊக்கமுள்ளவர். அடுத்த தவக்காலத்துக்கு மீண்டும் மூன்று நாள் தியானம் வைக்கலாம் என்றார். குழு மறுக்கவில்லை. மூன்று நாள்களில் நடுநாளின் பகல் முழுவதும் எல்லாத் தெருக்களிலும் நோயுற்றிருப்போரின் வீடுகளுக்குப் போய் வரத் தங்களை விட வேண்டும், வழிநடத்த வரும் வெளிக் குழுவும் தங்களோடு நடக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அக்கடிதத்தில் முதல் கையெழுத்து அந்தச் செவிலியர் மாணவியுடையது. இரண்டாவது, கம்பி கட்டும் இளைஞருடையது. புதிய பங்குத்தந்தை அதை வாங்கிப் படித்துவிட்டு, நோயாளிகளின் பட்டியலை யார் தருவார்கள் என்று கேட்டார். பட்டியல் ஏற்கெனவே குழுவின் பதிவேட்டில் தெருவாரியாக இருந்தது.